நாற்பது டிகிரி அலமாரி

ஒரு பொருள் எத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அந்தக் காலம் முழுவதும் காத்திருப்பது. இரண்டாவது, அப்பொருளைச் சூட்டிலும் ஈரத்திலும் அடைத்து வைத்து, அது விரைவாக முதுமை அடையும்படி செய்து பார்ப்பது. நாற்பது டிகிரி வெப்பத்தையும் எழுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதத்தையும் ஆறு மாதம் தாங்கும் எண்ணெய், மருந்துக்கடைத் தட்டில் இரண்டு ஆண்டு தாங்கும் என எதிர்பார்க்கலாம். பாப் பெர்ரெத் என்னும் ஊருக்கு மேலே, மலைச்சாலை ஓரத்தில் உள்ள எங்கள் கூட்டுறவுச் சங்கம் தன் முதல் கஞ்சா எண்ணெய்க்கு இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. முதல் வழிக்கு எங்களிடம் பொறுமை இருந்தது, வாங்குவோரிடம் இல்லை.

தாஞ்சா நகரில் உள்ள மருந்து மொத்த வியாபாரி தெளிவாகச் சொல்லியிருந்தார். குப்பியின் சீட்டில் இருபத்து நான்கு மாதம் என்று போட்டால் மகிழ்ச்சி. பதினெட்டுக்குக் குறைந்தால் வேண்டாம். சங்கத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் உள்ளன. அவர்கள் விளைவித்த ஓராண்டு அறுவடை முழுவதும் அந்த எண்ணெயில்தான் இருந்தது.

சோதனைக்கான அலமாரி ஓர் ஆள் உயரம். கண்ணாடி உட்கதவும் இரும்பு வெளிக்கதவும் கொண்டது. நான்கு தட்டுகளில் மேல் மூன்றில் எழுபத்திரண்டு பழுப்புக் குப்பிகள் நின்றன. கீழ்த்தட்டு காலி. அலமாரியின் பொறுப்பாளன் நான். என் பெயர் அயாஷி. நாற்பத்து மூன்று வயது வரை என் தந்தையைப் போலவே கிஃப் பயிரிட்டேன்; கஞ்சாவுக்கு எங்கள் மலையில் அதுதான் பெயர். நாற்பத்து நான்காம் வயதில் தெத்துவான் நகரில் எட்டு மாதம் படித்து ஆய்வக உதவியாளர் சான்றிதழ் பெற்றேன். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டு வரவேற்பறையில் சட்டமிட்டுத் தொங்குகிறது.

அலமாரியின் கைப்பிடியில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். கதவைத் திறப்பவர் எவராயினும், திறந்த நேரம், காரணம், மூடிய நேரம், தம் பெயர் ஆகிய நான்கையும் அதில் எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் ஆறு வரிகள். நான் இரும்புக் கதவை மட்டும் திறந்து, கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு முதல் வரியையும், ரமளான் வேலைநேரம் முடியும் மூன்று மணிக்குச் சற்று முன் கடைசி வரியையும் நிரப்புவேன். இடையில் உள்ள காலி வரிகளைக் குறுக்குக் கோடிட்டு அடிக்க வேண்டும் என்பது விதி. நான் அடிப்பதில்லை. ஒழுங்கான பக்கத்தைக் கோடு கெடுக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் மலையில் கிஃப் தொடர்பான எதையும் தாளில் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. எத்தனை மூட்டை, யாருக்கு, எந்தக் கழுதைப் பாதை வழியாக என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும். தாளில் பெயர் இருந்தவன் பிடிபட்டான். என் மனைவி ஷாமாவின் அண்ணன் மைமூன் ஏழு ஆண்டுகள் காட்டுக் குடிசைகளில் ஒளிந்து வாழ்ந்தான். பிடிபட்ட ஒரு வியாபாரியின் சீட்டில் அவன் பெயர் இருந்ததே காரணம். கிஃப் வழக்குகளில் தேடப்பட்டோருக்கு அரச மன்னிப்பு வந்த கோடையில்தான் அவன் பகலில் கடைத்தெருவுக்கு வந்தான். சட்டப்படி பயிரிடச் சங்கம் உரிமம் பெற்ற பிறகு நிலைமை தலைகீழானது. இப்போது எழுதாதவன்தான் குற்றவாளி. இதை முப்பத்தொரு குடும்பங்களும் காதால் கேட்டுக்கொண்டன. கைகள் அவ்வளவு விரைவாகப் பழகவில்லை.

அவ்வாண்டு ரமளான் பனிக்காலத்தின் இறுதியில் வந்தது. முதல் நோன்பன்றே தித்திகின் மலை வெளுத்துவிட்டது. மாலையில் நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் ஹரீரா சூப்பும் முடித்து, ரொட்டியைப் பிய்க்க முயன்றேன். பிய்க்க முடியவில்லை. மறுநாளும் அதே நிலை.

“இது ரொட்டியா, கழுதைச் சேணமா?” என்றேன்.

“வெளிய பனி கொட்டுது. மாவு எப்படிப் பொங்கும்?” என்றாள் ஷாமா. “உன் மெஷினுக்கு மட்டும் நாப்பது டிகிரி. என் சமையல்கட்டுக்கும் அதக் குடு, மெத்தை மாதிரி சுட்டுத் தரேன்.”

“அது அறிவியல். அங்க ஒரு புள்ளிகூட மாறாது.”

“தெரியும், தெரியும். வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்றியே.”

மூன்றாம் நாள் ரொட்டி இரண்டு விரல் உயரம் எழும்பியிருந்தது. உள்ளே தேன்கூடு போன்ற துளைகள். நான் மூன்று தின்றேன். அடுப்பை மாற்றினாயா என்று கேட்டதற்கு, “ரமளானோட பரக்கத்து, அருள்னு வெச்சுக்கோ” என்றாள். நான் அவ்வாறே வைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரம் அநேகமாக ஒவ்வொரு மாலையும் அந்த ரொட்டியைப் புகழ்ந்தேன்.

அலமாரி தன் வெப்பத்தையும் ஈரத்தையும் நிமிடந்தோறும் தானே பதிவு செய்கிறது. அப்பதிவை மாதம் ஒருமுறை வரைபடமாக அச்சிடுவோம். ஆறாம் மாத முடிவில், வியாழக்கிழமை, தலைநகரிலிருந்து ஆய்வாளர் வர இருந்தார். அவர் கண்முன் கடைசிக் குப்பிகளை வெளியே எடுக்க வேண்டும். அவர் வரைபடத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆகவே திங்கட்கிழமை பிற்பகல் நானும் எங்கள் வேதியியலாளர் அனஸும் வரைபடத்தை மேசைமீது விரித்தோம். அனஸ் ஃபாஸ் நகரத்து இளைஞர். என் மகன் வயதுதான், ஆனால் மேலதிகாரி.

இடைச்சோதனைக்குக் குப்பிகள் எடுத்த நாட்கள் நீங்கலாக, ஐந்து மாதங்களுக்குக் கோடு கம்பி போல நேராக ஓடியது. ரமளான் மூன்றாம் நாளிலிருந்து, நாளுக்கு இரண்டு முறை, கோடு கீழே விழுந்து மீண்டும் எழுந்தது. காலை பத்தரை மணி அளவில் ஒன்று. பன்னிரண்டுக்குச் சற்று முன் ஒன்று. பதினான்கு நாட்கள், இருபத்தெட்டு விழுதல்கள்.

“சி அயாஷி, என்ன இது? பல்லு போன சீப்பு மாதிரி இருக்கு,” என்றார் அனஸ். ஆணுக்கு ‘சி’, பெண்ணுக்கு ‘லல்லா’ என்பது எங்கள் மரியாதைச் சொல்.

“மெஷின் கோளாறா இருக்கும், டாக்டர்.”

“மெஷினுக்கு ஞாயித்துக்கிழமை லீவா?” அனஸ் மூன்று ஞாயிறுகளைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அங்கே கோடு நேராக இருந்தது. “கதவத் தொறந்து குளிர் காயறீங்களா? நோன்புல ஒரு சின்னத் தூக்கம்?”

“பத்தரைக்கு நான் எடை ரூம்ல இருக்கேன். நீங்களும் கூட இருக்கீங்க.”

அது உண்மை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “எறக்கம் பெருசில்ல. அஞ்சாறு டிகிரி, அரை மணி நேரம். ஆனா காரணம் தெரியாத எறக்கம் இருபத்தெட்டு. ஆய்வாளரம்மா ஒரு கேள்விதான் கேப்பாங்க. நம்மகிட்ட பதில் இல்லன்னா ஆறு மாசமும் குப்பையில.”

அதன் பொருள் எனக்கு விளங்கியது. புதிய குப்பிகள், புதிய ஆறு மாதம். அதற்குள் தாஞ்சா வியாபாரி வேறு மலைக்குப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எடை அறையில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, அலமாரி அறையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். பத்து இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. ஷாமா உள்ளே வந்தாள். ஆய்வகத்தைத் துடைத்துப் பெருக்குவது அவள் வேலை. ஆகவே அவள் வருவதில் வியப்பில்லை. ஒரு கையில் வாளி. மறு கையில், இடுப்போடு அணைத்தபடி, ஈரத்துணி போர்த்திய மண் தாம்பாளம். வாளியை வைத்தாள். பிஸ்மில்லாஹ் என்றாள். அலமாரியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“ஷாமா!”

“யா அல்லாஹ்! உசுரே போயிருச்சு. மாவக் கொட்டியிருப்பேன் பாரு!”

“உள்ள என்ன வெக்கற?”

“என்ன வெக்கறேன்? சாயங்காலம் உக்காந்து மூணு மூணா திங்கறியே, அதத்தான்.”

அவள் என் முகத்தைப் பார்த்துச் சற்று இறங்கினாள்.

“கீழ்த்தட்டு காலியாதான கெடந்துச்சு. உன் குப்பி ஒண்ணையும் தொடல. நாப்பது டிகிரி, நல்ல ஈரம். மாவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு அயாஷி. ஒன்றரை மணி நேரத்துல தாம்பாளத்த விட்டு வழியுது.”

“கதவத் தொறந்தா நோட்டுல எழுதணும். உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“பின்ன ஏன் எழுதல?”

“கிஃப் இருக்கற பெட்டி. அது பக்கத்துல என் பேர எழுதுவேனா? மைமூன் பேர ஒருத்தன் எழுதினான். ஏழு வருஷம்.”

அவள் குரலில் குற்ற உணர்வு இல்லை. அடுப்பில் கை வைக்க மாட்டேன் என்பதுபோலச் சொன்னாள். நான் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

“இப்ப இந்த மாவ என்ன பண்றது?” என்றாள்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போ.”

“அப்ப ராத்திரிக்குக் கழுதைச் சேணம்தான்.”

அனஸிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து நடந்தார். மூடி முத்திரையிட்ட குப்பிக்குள் ஈஸ்ட் புகாது என்றார். ஆயினும் உயிருள்ள மாவு சோதனை அலமாரியில் இருந்தது என்று எவரும் எழுதியதை இதுவரை தாம் படித்ததில்லை என்றார். இறுதியில் நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் திறந்து வைத்தார்.

“நடுவுல நாலு நாலு வரி காலியா விட்டிருக்கீங்க. கோடும் போடல. ஒரு வகையில நல்லதாப் போச்சு. ‘வழக்கமான சோதனை’ன்னு எழுதி உங்க பேர போடுங்க. நேரத்த வரைபடத்துலருந்து நான் சொல்றேன்.”

“இருபத்தெட்டு தடவையா?”

“இருபத்தெட்டு தடவ. மாவுன்னு எழுதினா ஊரே சிரிக்கும். நம்ம எண்ணெய ‘ரொட்டி எண்ணெய்’னு கூப்பிடுவாங்க.”

புதன்கிழமை பிற்பகல், வேலை முடிந்து அனைவரும் போன பின், நான் அந்த மேசையில் உட்கார்ந்தேன். மூன்றாம் நோன்பின் பக்கம் திறந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டாம் வரியில் “10:22” என்று மட்டும் எழுதினேன். ஷாமா துடைப்பத்தோடு வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சங்கத்தின் எழுத்து வகுப்பில் அவள் இரண்டு குளிர்காலம் படித்திருக்கிறாள். எண்களை நன்றாக வாசிப்பாள்.

“இது நான் வந்த நேரமாச்சே. என்ன எழுதற?”

“வழக்கமான சோதனைன்னு.”

“யாரு சோதிச்சது?”

“நான்.”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“மைமூன் அந்த வியாபாரிக்கு ஒரு கைப்பிடிகூட வித்ததில்ல. உனக்கே தெரியும்,” என்றாள். “வித்தவன் வேற ஆளு. அவனக் காப்பாத்த வியாபாரி இவன் பேரப் போட்டான். அவனும் இப்படித்தான் மேசை முன்னால உக்காந்து, பேனா மூடியக் கழட்டி, நேரத்த யோசிச்சு யோசிச்சு எழுதியிருப்பான்.”

“இது யாரையும் காட்டுக்கு அனுப்பாது, ஷாமா.”

“எந்திரி.”

“என்ன?”

“எந்திரிங்கறேன். நாற்காலியக் குடு.”

அவள் உட்கார்ந்தாள். பழைய பக்கங்களில் இப்போது எழுதக் கூடாது என்றும், இன்றைய தேதியிட்ட புதிய பக்கத்தில் “தாமதப் பதிவு” என்று தலைப்பிட்டு எழுதலாம் என்றும் விதியைச் சொன்னேன். நான் எழுதிய 10:22 என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, அதன் அருகே தேதியும் என் கையெழுத்தும் இட்டேன். பிறகு வரைபடத்திலிருந்து நேரங்களை வாசித்தேன், அவள் எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் “மாவு” என்றும், பெயர்க் கட்டத்தில் “ஷாமா” என்றும். எழுத்துகள் பெரியவையாக இருந்தன. முதல் பத்து வரிகளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தன் பெயரை எழுதும் ஒவ்வொரு முறையும் அவள் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இருபதாவது வரிக்குப் பிறகு பார்ப்பதை நிறுத்தினாள்.

பதினெட்டாம் விழுதல் மற்றவற்றைவிட நீளமானது, நாற்பத்தொரு நிமிடம். அதை வாசித்தபோது அவள் உடனே சொன்னாள்: “அன்னைக்கு முழங்கையால சாத்தினேன். ஒரு கையில வாளி, ஒரு கையில தாம்பாளம். சரியா விழல போலருக்கு. அதையும் எழுதவா?”

“எழுது.”

மறுநாள் காலை அனஸ் அந்தப் பக்கங்களைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“லல்லா ஷாமா, முப்பத்தொரு குடும்பம். யோசிச்சீங்களா?”

“அந்த முப்பத்தொண்ணுல ஒண்ணு நாங்க, டாக்டர்,” என்றாள் அவள். வாளியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள்.

ஆய்வாளர் வஹீபா பத்து மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலணிகளில் பனி. பயணியாக இருந்தும் நோன்பை விடவில்லை என்பது அவர் உலர்ந்த உதடுகளில் தெரிந்தது. தம் சொந்த வெப்பமானியைப் பையில் கொண்டுவந்திருந்தார். அலமாரியில் எஞ்சிய இருபத்து நான்கு குப்பிகளையும் அவர் எண்ணி, மூடிகளைத் திருகிப் பார்த்து, ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டார். அலமாரி காலியாயிற்று. பின்னர் வரைபடத்தை விரித்தார். நோட்டுப் புத்தகத்தைக் கேட்டார்.

தாமதப் பதிவை அவர் நின்றுகொண்டே முழுவதும் வாசித்தார். மாவு, மாவு, மாவு என்று அவர் விரல் இறங்கியது. அனஸ் சன்னலைப் பார்த்தார்.

“ஷாமா யாரு?”

“நான்தான்” என்று தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. அவள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள்.

“எத்தன கிலோ மாவு?”

“ஒன்றரை. கோதுமையில கொஞ்சம் பார்லி.”

“ஈரத்துணி போர்த்தினதா?”

“போர்த்தாம வெப்பாங்களா, லல்லா? தோல் கட்டிரும்.”

வஹீபா சிரிக்கவில்லை. “நான் போற எடத்துல எல்லாம் ‘வழக்கமான சோதனை’ன்னு எழுதியிருக்கும். இருபது நாளுக்கு ஒரே பேனா, ஒரே சாய்வு,” என்றார். “இதுல ‘முழங்கையால சாத்தினேன்’னு இருக்கு. இத யாரும் கற்பனை பண்ண மாட்டாங்க. ஆனா நீங்க எழுதினதால அது உண்மைன்னு ஆயிடாது. செஞ்சு காட்டுங்க.”

“என்னத்த?”

“மாவத்தான். அதே அளவு, அதே தாம்பாளம், அதே துணி. அலமாரி இப்ப காலிதான?”

ஷாமா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், பிசைந்த மாவோடு திரும்பினாள். பதினொன்று ஐந்துக்குத் தாம்பாளம் கீழ்த்தட்டில் ஏறியது. வஹீபா தம் வெப்பமானியை அதன் அருகே வைத்தார். நோட்டில் நேரத்தை ஷாமா எழுதினாள். பிறகு நாங்கள் நால்வரும் காத்திருந்தோம். நோன்பாளிகள் நால்வர் சுற்றி உட்கார, நடுவில் ஈஸ்ட் மணம் பரவுவது எளிதான காரியமன்று.

“மோந்தா நோன்பு முறியாதுல்ல?” என்றார் அனஸ்.

“மனசுக்குள்ள தின்னா முறியும்,” என்றாள் ஷாமா.

பன்னிரண்டரைக்குத் தாம்பாளம் வெளியே வந்தது. மாவு துணியை உயர்த்தியிருந்தது. வஹீபா புதிய வரைபடத்தைப் பழையதன் மேல் வைத்து, இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நாற்பதிலிருந்து முப்பத்து நான்கரைக்கு இறக்கம். மீண்டு எழ இருபத்தாறு நிமிடம். ஈரத்தில் ஒரு சிறு மேடு. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. முழங்கையால் சாத்திய நாளையும் அவர் விடவில்லை. ஷாமாவை வாளியோடு மறுபடி கதவைச் சாத்தச் செய்து, விளிம்பில் எவ்வளவு இடைவெளி நின்றது என்று அளந்து குறித்துக்கொண்டார்.

“குப்பிகள எங்க ஆய்வகத்துல பாப்போம். சத்து எவ்வளவு கொறைஞ்சிருக்கு, உள்ள ஈஸ்ட் இருக்கா, எண்ணெய் சிக்கு வாடை எடுத்திருக்கா, எல்லாம். முடிவு கடிதத்துல வரும்.” என்னிடம் திரும்பினார். “காலி வரிய ஏன் அடிக்கல?”

“பக்கம் கெடும்னு...”

“உங்க கோப்புல ஒரு எச்சரிக்கை போகும்.”

“போகட்டும்” என்றேன். வேறென்ன சொல்வது?

ஷாமா மாவில் ஒரு பாதியைத் துணியில் கட்டி நீட்டினாள். “வழியில எங்கயாவது அடுப்பு கெடைச்சா சுட்டுக்குங்க. நோன்பு தெறக்க ஆகும்.”

“நான் சோதிக்க வந்த எடத்துல எதையும் வாங்கக் கூடாது, லல்லா. வாங்கினா எழுதணும்.”

“அதையும் எழுதணுமா! அப்ப வேண்டாம். நானே சுட்டுக்கறேன்.”

வஹீபா தம் வெப்பமானியை அலமாரிக்குள் மறந்துவிட்டிருந்தார். பையை மாட்டிக்கொண்ட பின் நினைவு வந்து, திரும்பிப் போய்க் கதவைத் திறந்து அதை எடுத்து, மூடிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

“லல்லா,” என்று ஷாமா கூப்பிட்டாள். கயிற்றில் தொங்கிய பேனாவை நீட்டினாள். “கதவத் தொறந்தீங்க. நேரம், காரணம், பேரு.”

ஆய்வாளர் திரும்பி வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்று எழுதினார். காரணம்: மறதி. பெயரையும் முழுமையாக எழுதினார். ஷாமா அதை எழுத்துக்கூட்டி வாசித்த பிறகே பேனாவைத் தொங்கவிட்டாள்.

பெருநாள் கழிந்து மூன்றாம் வாரத்தில் கடிதம் வந்தது. குப்பிகளில் ஈஸ்ட் இல்லை. சத்துக் குறைவு மூன்று விழுக்காடு, அனுமதிக்கப்பட்டது ஐந்து. இறக்கங்கள் யாவும் விளக்கப்பட்டவை என ஏற்கப்பட்டன. ஆயினும், சாதாரண வெப்பத்தில் நடைபெறும் நீண்ட சோதனை முடியும் வரை, சீட்டில் பதினெட்டு மாதம் என்று மட்டுமே அச்சிட வேண்டும். தாஞ்சா வியாபாரி முணுமுணுத்தார், வாங்கிக்கொண்டார். அலமாரிக்குப் பூட்டு போட வேண்டும் என்ற நிபந்தனையும் கடிதத்தில் இருந்தது. என் எச்சரிக்கைக் கடிதம் தனி உறையில் வந்தது. அதைச் சான்றிதழின் அருகே மாட்டலாமா என்று ஷாமா கேட்டாள்.

பூட்டின் சாவி என்னிடம் உள்ளது. கோடை வெயில் வரும்வரை எங்கள் வீட்டு ரொட்டி தட்டையாகவே இருந்தது. நான் குறை சொல்லவில்லை.